மேடைக்கு மேலே இரண்டடி

தரையில் டைல்ஸ் ஒட்டிக் கை பழகி, முதல்முறையாகச் சமையலறைச் சுவருக்கு வந்திருக்கிற தம்பிகளுக்காக இதைச் சொல்கிறேன். சித்தாளாக இருந்து கரணை பிடிக்க ஆசைப்படுகிற தங்கச்சிகளும் கேளுங்கள். யாராக இருந்தாலும் நீ என்றே பேசுகிறேன், உரிமையோடு சொல்ல அதுதான் எனக்கு வசதி.

மேடைக்கு மேலே 2 அடி உயரம். மேடை 10 அடி நீளம் என்றால் மொத்தமே 20 சதுரடி. அரை நாள் வேலை என்று சொல்லித்தான் உன்னை அனுப்புவார்கள். அந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு போகாதே. எண்ணெய்ப் புகை, கொதிக்கிற ஆவி, மஞ்சள், குழாய்த் தண்ணீர் நான்கும் சேர்ந்து அடிக்கிற சுவர் வீட்டிலேயே இது ஒன்றுதான். அதற்கு எதிரே முகம் வைத்துக்கொண்டு ஒருவர் வருடக்கணக்காகச் சமைக்கப் போகிறார். ஒட்டுகிற வேலை இதில் கொஞ்சம்தான். ஒட்டுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. நான் சொல்லப்போவதில் பாதிக்கு மேல் அதுதான்.

1. சமைக்கிறவரிடம் முதலில் பேசு. வீட்டுக்காரர் டைல்ஸை இறக்கிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார். அடுப்பு எந்த இடத்தில் வரும், மிக்ஸி எங்கே, கிரைண்டர் எங்கே, குடிநீர் சுத்திகரிக்கிற பெட்டியை எந்தச் சுவரில் மாட்டுவார்கள், கரண்டி ஸ்டாண்டுக்கு எங்கே துளை விழும் என்பதெல்லாம் சமைக்கிறவருக்குத்தான் தெரியும். அவரை மேடைக்கு முன்னால் நிற்க வைத்துக் கேள். சிம்னி வைக்கிற எண்ணம் உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடு. 2 அடியோடு நிறுத்திய சுவரில் பிறகு சிம்னி மாட்டினால், டைல்ஸ் முடிகிற இடத்துக்கும் சிம்னியின் அடிப்பாகத்துக்கும் நடுவே வெறும் பெயிண்ட் சுவர் நிற்கும். தாளிக்கிற எண்ணெய் அத்தனையும் அந்த இடைவெளியில் படியும். அடுப்புக்குப் பின்னால் மட்டுமாவது சிம்னியின் அடி வரை, முடிந்தால் லிண்டல் வரை ஏற்றிவிடலாம் என்று சொல். கூடுதலாகச் சில டைல்ஸ்தான் ஆகும்.

2. சுவரைப் பார்க்காமல் கலவை கலக்காதே. விரலால் தேய்த்துப் பார், சுத்தியல் காம்பால் தட்டிப் பார். பொள்ளல் சத்தம் கேட்ட இடத்தைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசு. பெயிண்டையும் பட்டியையும் சுரண்டி எடு. பட்டி மேல் ஒட்டிய டைல்ஸ் பட்டியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும், பட்டி உப்பி வரும் நாளில் அதுவும் கூடவே வரும். எண்ணெய் ஏறிய பழைய சமையலறை என்றால் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவிக் காயவிட்ட பிறகு கொத்துப் போடு. புதுப்பூச்சாக இருந்து, பசை போட்டு ஒட்டுவதாக இருந்தால், பூசி மூன்று நான்கு வாரமாவது ஆகட்டும். சிமெண்ட் பூச்சு காயக் காயச் சுருங்கும். அது சுருங்கி முடியும் முன் மேலே ஒட்டினால் இழுப்பு முழுவதும் டைல்ஸில் இறங்கும்.

பூச்சு நேராக இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. 6 அடி மட்டக்கோலைக் குறுக்கும் நெடுக்கும் சாய்த்து வைத்துப் பார். ஒரு நூல் பள்ளம் மேடு இருந்தால் பசையில் சமாளிக்கலாம். அதற்கு மேல் இருந்தால் முதல் நாளே பூசிச் சரிசெய்துவிடு. பசையைக் கனமாக அப்பிப் பள்ளத்தை நிரப்பலாம் என்று நினைக்காதே. கனமான பசை காயும்போது டைல்ஸை உள்ளே இழுக்கும், காலையில் நேராக இருந்த விளிம்பு மறுநாள் படி படியாகத் தெரியும்.

3. சுவருக்குள் என்ன ஓடுகிறது என்று தெரிந்துகொள். பிளம்பர் குழாயில் தண்ணீர் ஏற்றி, அழுத்தம் வைத்துப் பார்த்துவிட்டாரா என்று கேள். பார்க்கவில்லை என்றால் அவர் பார்த்து முடித்த பிறகு வந்து ஒட்டுகிறேன் என்று சொல். இதைச் சொல்லத் தயங்காதே. கசிவு பின்னால் தெரிந்தால் உடைபடுவது உன் டைல்ஸ்.

பிளக் பாயிண்ட் பெட்டிகளையும் பார். பூச்சு மட்டத்தோடு அவை நின்றால் போதாது. டைல்ஸ் கனம் 8 மில்லி, பசை 4 மில்லி, ஆக அரை இஞ்சுக்குக் கொஞ்சம் குறைவாகப் பெட்டி வெளியே வந்திருக்க வேண்டும். உள்ளே அடங்கிப்போன பெட்டிக்கு எலெக்ட்ரீஷியன் நீளத் திருகு போட்டு இறுக்குவார், சுவிட்ச் பலகையின் மூலையில் டைல்ஸ் தெறிக்கும். பெட்டியைச் சுற்றி வேலை செய்யும்போது மெயினை அணைத்துவிட்டு, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகு கை வை. ஒட்டத் தொடங்கும் முன், ஒரு டேப்பைச் சுவரோடு விரித்துப் பிடித்து, தண்ணீர்க் குழாயும் வயர் பைப்பும் ஓடுகிற தடம் தெரியும்படி செல்போனில் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடு. பிறகு அந்தச் சுவரில் துளை போட வருகிறவருக்கு அந்தப் படம்தான் வழிகாட்டி.

4. மேடை மட்டமாக இருக்கும் என்று நம்பாதே. கடப்பாக் கல்லோ கிரானைட்டோ, சிங்க் பக்கம் தண்ணீர் போகக் கொஞ்சம் வாட்டம் கொடுத்திருப்பார்கள். 10 அடி நீளத்தில் 3 நூல் வாட்டம் கண்ணுக்குத் தெரியாது. அதன் மேலேயே முதல் வரிசையை உட்கார வைத்துக்கொண்டு போனால், மேல் விளிம்பு முடிகிற இடத்தில் அந்த வாட்டம் வீட்டுக்கு வருகிறவர் எல்லார் கண்ணுக்கும் தெரியும்.

டியூப் மட்டம் பிடித்து மேடையில் எது தாழ்ந்த இடம் என்று கண்டுபிடி. அந்த இடத்திலிருந்து ஒரு டைல்ஸ் உயரமும், கல்லுக்கு மேலே விட வேண்டிய 3 மில்லி சந்தும் சேர்த்து அளந்து குறி. அந்தக் குறியிலிருந்து சுவர் முழுக்க நூல் அடி. அந்தக் கோட்டில் நேரான ரீப்பர் ஒன்றை அடித்து நிறுத்தி, இரண்டாவது வரிசையை முதலில் ஒட்டு. மறுநாள் ரீப்பரை எடுத்துவிட்டு, அடி வரிசையை ஒவ்வொன்றாகக் கல்லுக்கு அளந்து, அடி விளிம்பை வெட்டிப் பொருத்து. வெட்டு விளிம்பு கீழே போய்விடும், மேலே எல்லாக் கோடும் நேராக ஓடும். மேடை நிஜமாகவே மட்டமாக இருந்தால் இத்தனையும் வேண்டாம். சந்துக்கு 3 மில்லி ஸ்பேசர் வைத்துக் கல்லிலிருந்தே தொடங்கலாம். ஆனால் ரசமட்டத்தை வைத்துப் பார்த்த பிறகுதான் அந்த முடிவு.

5. ஒட்டாமல் ஒருமுறை அடுக்கிப் பார். கடையில் 1 அடிக்கு 2 அடி என்று சொல்லிக் கொடுக்கிற டைல்ஸ் உண்மையில் 300க்கு 600 மில்லிமீட்டர். அடிக் கணக்குக்கு இது சற்றுக் குறைவு. 10 அடிச் சுவர் 3,048 மில்லி. இடது மூலையிலிருந்து தொடங்கி, 2 மில்லி இடைவெளி விட்டு 5 முழு டைல்ஸ் ஒட்டிக்கொண்டே போனால் வலது மூலையில் 38 மில்லி மிஞ்சும். ஒன்றரை இஞ்ச் கீற்று. அதை வெட்டும்போதே பாதி உடையும், ஒட்டினாலும் அவசரத்தில் செய்த வேலை என்று காட்டிக்கொடுக்கும்.

அதே சுவரில் நடுக்கோடு போட்டு, 4 முழு டைல்ஸை நடுவில் வைத்துக்கொண்டால் இரண்டு ஓரத்திலும் ஏறக்குறைய 319 மில்லி வரும். பாதி டைல்ஸுக்கு மேல். சுவர் இரண்டு பக்கமும் சமமாக நிற்கும். இதற்கு ஒரு விலை உண்டு. இரண்டு ஓரத் துண்டும் ஒரே டைல்ஸிலிருந்து வராது, 319ம் 319ம் 600க்கு மேல் போகிறது. ஆகவே ஒரு வரிசைக்கு 6, இரண்டு வரிசைக்கு 12. சதுரடிக் கணக்கில் 10 போதும் என்று கடைக்காரர் சொல்லியிருப்பார். உடைசலுக்கும் சேர்த்து 14 வாங்கச் சொல்ல வேண்டியது உன் பொறுப்பு, அதுவும் டைல்ஸ் வாங்கப் போகும் முன்.

நடுக்கோடு என்பது எப்போதும் சுவரின் நடு என்று எடுத்துக்கொள்ளாதே. சிங்குக்கு மேலே ஜன்னல் இருந்தால் கண் ஜன்னலுக்குத்தான் போகும். ஜன்னலின் இரண்டு பக்கமும் ஒரே அளவுத் துண்டு வருகிறதா என்று பார்த்து, மூலைகளை அதற்கு ஏற்றபடி விட்டுக்கொடு. ‘ட’ வடிவ மேடையில் இரண்டு சுவர் சேருகிற மூலையிலிருந்து கணக்குப் போடு. ஒரு சுவரில் வெட்டிய மீதி அடுத்த சுவரில் தொடர்ந்தால் பூ வேலையோ கோடோ முறியாமல் திரும்பும்.

6. எந்த டைல்ஸ் நல்லது என்று கேட்டால் நேர்மையாகச் சொல். தினமும் தாளிக்கிற வீட்டுக்கு வழவழப்பான பளபளப்பு டைல்ஸ்தான் சரி. சொரசொரப்பாகவும் மேட்டாகவும் இருப்பது படத்தில் அழகாக இருக்கும், ஆனால் அதன் குழிகளில் எண்ணெய் உட்கார்ந்துவிட்டால் துணிக்கு வராது. சின்னச் சின்ன மொசைக் துண்டுகளை அடுப்புக்குப் பின்னால் ஒட்ட நான் சம்மதிப்பதே இல்லை. துண்டு கூடக் கூடச் சந்து கூடும், சந்துதான் அழுக்கு பிடிக்கிற இடம்.

7. பெட்டிகளைப் பிரிக்கும் முன் மேலே அச்சடித்திருக்கிற லாட் எண்ணையும் ஷேடையும் ஒப்பிட்டுப் பார். நம் நாட்டு டைல்ஸில் பெரும்பங்கு குஜராத்தின் மோர்பியில் செய்து வருவது. ஒரே பெயர், ஒரே படம் என்றாலும் வேறொரு நாள் வெந்த சரக்கில் நிறம் ஒரு சாயல் மாறும். ஒட்டிவிட்டு வெளிச்சம் போட்டுப் பார்க்கும்போது தெரிந்து பயனில்லை. இரண்டு டைல்ஸை முகத்தோடு முகம் வைத்துப் பிடித்து வளைவு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்.

8. ஊறவைப்பதா வேண்டாமா என்று குழம்பாதே. சுவருக்கென்று வரும் செராமிக் டைல்ஸ் தண்ணீரை நன்றாக உறிஞ்சும். சிமெண்ட் பால் தடவி ஒட்டுவதாக இருந்தால் குமிழி வருவது நிற்கும் வரை ஊறவைத்து, நிமிர்த்தி வைத்துத் தண்ணீர் வடியவிட்டு ஒட்டு. காய்ந்த டைல்ஸ் சிமெண்டின் ஈரத்தை உறிஞ்சிவிடும், ஈரம் போன சிமெண்ட் பிடிக்காது. டைல்ஸ் பசை போட்டு ஒட்டுவதாக இருந்தால் ஊறவைக்கவே கூடாது, பின்பக்கத் தூசியைத் துணியால் துடைத்தால் போதும். விட்ரிஃபைட் டைல்ஸ் அரை சதவீதம்கூடத் தண்ணீர் குடிக்காது. அதற்குச் சிமெண்ட் பால் பிடிமானம் தராது, பசைதான் வேண்டும். வீட்டுக்காரர் செலவு பார்த்தால் இந்தக் காரணத்தை எடுத்துச் சொல்.

9. பசைப் பையில் ஐ.எஸ். 15477 என்ற எண்ணும், எந்த வகை என்பதும் இருக்கிறதா என்று படி. தண்ணீர் எவ்வளவு என்பதும் அதிலேயே எழுதியிருக்கும். வாளியில் தண்ணீரை முதலில் ஊற்றி, பிறகு தூளைப் போட்டுக் கட்டியில்லாமல் கலக்கு. ஐந்து பத்து நிமிடம் சும்மா விட்டு, மறுபடி ஒருமுறை கலக்கு. இறுகத் தொடங்கிய பசையில் தண்ணீர் ஊற்றி இளக்கினால் பார்க்கப் பசை போல இருக்கும், ஒட்டும் சக்தி போயிருக்கும். சித்திரை வைகாசி வெயிலில் இரண்டு மூன்று டைல்ஸுக்கு ஆகிற அளவுதான் சுவரில் பரப்பு. விரலால் தொட்டால் விரலில் ஒட்ட வேண்டும். ஒட்டவில்லை என்றால் மேலே ஏடு கட்டிவிட்டது, வழித்துப் போட்டுவிட்டுப் புதிதாகப் பரப்பு.

10. உருண்டை வைத்து ஒட்டாதே. இந்த ஒன்றை மட்டும் எத்தனை தரம் சொன்னாலும் எனக்குப் போதாது. நான்கு மூலையில் நான்கு உருண்டை, நடுவில் ஒன்று வைத்து அழுத்தினால் டைல்ஸ் சீக்கிரம் நேருக்கு வரும், வேலை வேகமாக ஓடும், மேஸ்திரிக்கும் சந்தோஷம். பின்னால் முக்கால்வாசி இடம் வெற்றிடம். ஆறு மாதம் கழித்து அந்த வீட்டில் கரண்டி ஸ்டாண்ட் மாட்ட ஒருவர் துளை போடுவார், உருண்டை இல்லாத இடத்தில் பிட் இறங்கினால் டைல்ஸ் குறுக்கே விரியும். சிங்குக்குப் பின்னால் அந்த வெற்றிடத்தில் தண்ணீர் நிற்கும், எறும்பும் கரப்பானும் குடியிருக்கும்.

பல் வைத்த கரணையால் பசையை ஒரே திசையில் கோடு கோடாக இழு. டைல்ஸை அந்தக் கோடுகளுக்குக் குறுக்காக லேசாக அசைத்து அழுத்தினால் கோடுகள் படுத்துக் காற்று வெளியேறும். பெரிய டைல்ஸ் என்றால் அதன் முதுகிலும் மெல்லிசாகப் பசை தடவு. முதல் டைல்ஸை ஒட்டிய உடனே பெயர்த்துப் பார், முதுகு முழுக்கப் பசை படிந்திருந்தால் உன் கை சரியாக இருக்கிறது. மறுநாள் ஒரு நாணயத்தால் எல்லா டைல்ஸையும் தட்டிக்கொண்டே போ. பொள்ளல் கேட்டதை அன்றைக்கே மாற்று.

11. வெட்டும்போது தண்ணீர் விட்டு வெட்டு. டைல்ஸ் தூசியில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் தங்கினால் திரும்பி வராது, சிலிகோசிஸ் என்கிற நோய்க்கு மருந்தில்லை. இந்தத் தொழிலில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்ட ஆட்களைப் பார்த்தவன் சொல்கிறேன், துண்டை மூக்கில் கட்டினால் போதும் என்று நினைக்காதே. நல்ல மாஸ்க் போடு, கண்ணாடி போடு. தண்ணீரும் மின்சாரமும் சேர்கிற இடம் என்பதால் மெஷின் வயரில் ஒட்டுப்போட்ட இடம் இருக்கக் கூடாது. நேர் வெட்டுக்குக் கை டைல்ஸ் கட்டரே போதும், தூசியே வராது. குழாய்க்கு வட்டத் துளை போட அதற்கென்று உள்ள பிட்டை வாங்கிக்கொள். சுத்தியலால் கொத்தி ஓட்டை போட்டுவிட்டு, குழாயின் தட்டு மறைத்துவிடும் என்று விட்டால், கொத்திய இடத்திலிருந்து கீறல் மெல்ல ஓடும்.

12. வெளிமூலையில் டைல்ஸின் பச்சை விளிம்பு தெரியக் கூடாது. இரண்டையும் 45 டிகிரியில் தேய்த்துச் சேர்க்கலாம், ஆனால் பாத்திரம் இடிக்கிற உயரத்தில் அந்தக் கூர்முனை பொரிந்துபோகும். சமையலறைக்கு மூலைப் பட்டை வைப்பதுதான் என் விருப்பம்.

13. சாமி படமோ, பழக்கூடை படமோ போட்ட ஹைலைட்டர் டைல்ஸ் கொடுத்தால் அதன் இடத்தை ஐந்தாவதில் சொன்ன அடுக்கலிலேயே முடிவு செய். சுவிட்ச் பெட்டிக்காகச் சாமி முகத்தில் ஓட்டை போட வேண்டி வந்தால் அந்த வீட்டாருக்கு எத்தனை வருத்தம் என்று யோசித்துப் பார். சிங்குக்கு மேலேயும் வேண்டாம், எச்சில் தண்ணீர் தெறிக்கும்.

14. ஒரு நாள் முழுதாகக் காய்ந்த பிறகு சந்தை நிரப்பு. ஸ்பேசரை எடுத்து, பிதுங்கிய பசையைச் சுரண்டி, தூசியில்லாமல் துடைத்துக்கொள். வெள்ளைச் சிமெண்டில் கலர் கலந்து தேய்க்கிற பழைய வழக்கம் இந்தச் சுவருக்கு ஒத்துவராது. மஞ்சளும் எண்ணெயும் அதில் ஊறிவிடும், பிறகு எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. சாதாரண கிரௌட் அதைவிடத் தேவலாம். அடுப்புக்குப் பின்னாலும் சிங்குக்குப் பின்னாலுமாவது எபாக்ஸி கிரௌட் போடச் சொல்லி வீட்டுக்காரரிடம் பேசு. விலை பல மடங்குதான், ஆனால் 20 சதுரடிச் சுவருக்கு ஆகிற செலவு பெரிதில்லை.

எபாக்ஸியைக் கையாளும் முறை வேறு. பிசினையும் கடினமாக்கியையும் தூளையும் பெட்டியில் வந்த அளவில் முழுதாகக் கல. கண் அளவில் பாதி எடுத்துக் கலந்தால் சரியாக இறுகாது. கொஞ்ச தூரம் நிரப்பு, உடனே ஈர ஸ்பாஞ்சால் டைல்ஸ் முகத்தைத் துடை, பிறகு அடுத்த பகுதிக்குப் போ. முழுச் சுவரையும் நிரப்பிவிட்டுத் துடைக்கலாம் என்று விட்டால் டைல்ஸ் மேல் அது கல்லாகிவிடும். கையுறை போட்டுக்கொள், சிலருக்குத் தோல் கொப்பளிக்கும்.

15. மேடைக் கல்லும் அடி வரிசையும் சேருகிற 3 மில்லி சந்தில் கிரௌட் போடாதே. கல் ஒரு பக்கம், சுவர் ஒரு பக்கம். வெயிலுக்கும் எடைக்கும் இரண்டும் வேறு வேறாக அசையும். சிமெண்ட் கிரௌட் மயிரிழையாக விரிந்து, அந்த வழியாகத் துடைக்கிற தண்ணீர் இறங்கி, கீழே அலமாரியின் பலகை ஊறும். பூஞ்சை பிடிக்காத சிலிகான் போடு. சந்தின் இரு பக்கமும் டேப் ஒட்டி, சிலிகான் விட்டு, சோப்புத் தண்ணீர் தொட்ட விரலால் ஒரே இழுப்பாக இழுத்து, ஈரமாக இருக்கும்போதே டேப்பைப் பிரித்துவிடு. இரண்டு சுவர் சேருகிற உள்மூலைக்கும் இதேதான்.

16. ஆசிட் ஊற்றிக் கழுவாதே. சிமெண்ட் கறை போகும் என்று செய்கிறார்கள். சந்திலிருக்கிற சிமெண்ட் கிரௌட்டையும் அது தின்னும், ஸ்டீல் சிங்கும் குழாயின் பளபளப்பும் கருக்கும், மூடிய சமையலறையில் அந்தப் புகை உன் நெஞ்சையும் அரிக்கும். ஒட்டும்போதே ஈரத் துணியால் துடைத்துக்கொண்டு போனால் ஆசிட்டுக்கு வேலையே இல்லை.

17. கூலியை முதல் நாளே பேசு. இந்த வேலையில் சதுரடிக் கணக்கு உனக்குக் கட்டாது. பெட்டி வெட்டு, குழாய்த் துளை, ஜன்னல் ஓரம், மூலைப் பட்டை என்று துண்டு வேலைதான் அதிகம். நாள் கூலியாகவோ மொத்தமாகவோ பேசிக்கொள்.

18. மீந்த டைல்ஸை எடுத்துக்கொண்டு போகாதே. இரண்டு முழு டைல்ஸையும், லாட் எண் உள்ள பெட்டி அட்டையையும், எபாக்ஸியின் நிற எண்ணையும் ஒன்றாகக் கட்டிப் பரணில் வை. எங்கே வைத்தாய் என்று சமைக்கிறவரிடமே காட்டிவிட்டு வா. குழாய் மாற்ற ஒரு டைல்ஸை உடைக்க வேண்டி வந்தால் அதே டைல்ஸ் அந்த வீட்டிலேயே கிடைக்கும்.